கடைசி வரிசைப் பென்சில்

பாரிசில் அந்தக் காலத்தில் புது உடைகளின் காட்சி நடக்கும்போது, பார்க்க வந்தவர்கள் வரையக் கூடாது. வரைந்தால் நகல் திருடர் என்று போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். போன குளிர்காலத்தில் இறந்துபோன என் அக்கா ஜினெத், 1953இல் அப்படியொரு காட்சியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கவே வரைந்தாள்.

நிர்வாகி மதாம் ரெவெல் தாளைப் பிடுங்கினாள். படத்தில் ஒரு பெண் வேகமாகத் திரும்ப, அவள் கவுன் இடப்பக்கம் அலையாக எழும்பியிருந்தது.

"போன மாசம் வேலையை விட்டுத் துரத்தினது பத்தலையா? எங்க முதலாளி கற்பனையைத் திருட வந்துட்டியா?"

"யாரு கற்பனைன்னு அவரையே கேளுங்க, மதாம்."

"வாய் மட்டும் குறையல. போலீஸைக் கூப்பிடுங்க."

"கூப்பிடுங்க. அவங்களும் உக்காந்து பாக்கட்டும்."

நியூயார்க்கிலிருந்து வந்த கடைக்காரர் ஒருவர் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்.

"இதை இந்தப் பொண்ணு பாத்து வரைஞ்சதுன்னா சொல்றீங்க?"

"பின்ன? கண்ணால பாக்காம இந்த மடிப்பை எவளால வரைய முடியும்?"

"நான் முதல்லேர்ந்து இங்கதான் இருக்கேன், மதாம். இந்த கவுன் இன்னும் வரவே இல்லையே."

அக்காவைத் துரத்திய பிறகு தைத்த கவுன் அது. தையல் அறையில் அதைத் தினமும் பார்த்துப் பழகிய மதாமுக்கு, அது இன்னும் காட்சிக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திரைக்குப் பின்னால் அந்த கவுனைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தவள் நான். கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. வெளியே வந்து, அக்கா வரைந்திருந்தபடியே திரும்பினேன்.