ஹெய்க்காவுக்குக் கேட்கும் ஒரே சத்தம்

கொசு மொய்க்கும் ஜூலை வெயிலில், பைக் போல ஏறி உட்காரும் நாலு சக்கர வண்டி கடகடத்துக்கொண்டு நிற்கிறது. ரிஸ்டன் கலைமான் கொம்பொன்றின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்திருக்கிறாள். நாற்பது வருஷம் இரைச்சலான மோட்டார் பனிவண்டி ஓட்டிக் காதைத் தொலைத்த அவள் புருஷன் ஹெய்க்காவுக்கு எஞ்சினில் அந்தக் கடகடப்பு மட்டும்தான் கேட்கிறது. "இடது பக்கம். டைமிங் செயின்தான்," என்று கத்துகிறாள். அவன் வண்டியை அணைக்கிறான். "செயினே நீண்டிருந்தா எஞ்சினைப் பிரிக்கணும்டி. ரெண்டு நாள் போயிடும்." "மான்கன்னுங்க மலையில காத்திருக்கு. காதுல நம்ம அடையாளம் வெட்டாம தாயை விட்டுப் பிரிஞ்சிடுச்சுன்னா, நம்மளதுன்னு யாரு சொல்லுவா? முதல்ல டென்ஷனரைக் கழட்டு, கிழவா." இரண்டு போல்ட்டு கழல்கிறது. செயினை அழுத்திப் பிடிக்கும் அந்தக் குட்டி உருளை அவன் உள்ளங்கையில் கிடக்கிறது. அதன் தண்டு பாதிதான் வெளியே வந்திருக்கிறது. மீதி கறுப்பு மசியில் சிக்கியிருக்கிறது. ஹெய்க்கா நிம்மதியாக மூச்சு விடுகிறான். "செயின் தேஞ்சிருந்தா இது முழுசா வந்திருக்கும். இதுதான் அழுக்குல மாட்டிக்கிச்சு." "உன்னை மாதிரிதான். குளிப்பாட்டினா சரியாயிடும்." மண்ணெண்ணெயில் கழுவுகிறான். தண்டு துள்ளி வருகிறது. அதை உள்ளே தள்ளி, திரும்பப் பூட்டி, பொத்தானை அழுத்துகிறான். காத்திருக்கிறான். முகம் வாடுகிறது. மறுபடி அழுத்தப் போன விரலை ரிஸ்டன் எட்டிப் பிடிக்கிறாள். "யோவ், ஓடிக்கிட்டுதான்யா இருக்கு!" அவன் கையை இருக்கையின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்துகிறாள். எஞ்சினின் மெல்லிய அதிர்வு கையில் ஏறுகிறது. ஹெய்க்கா சிரிக்கிறான், கையை எடுக்கவில்லை.