ஹார்ன் வாயை மூடிய காலை

ஒரு ஷெட்டில் ரொம்ப நாளாக எடுக்காமல் ஒரு கார் நின்றிருந்தது. அதன் ஹார்னுக்கு ஒரே பெருமை. முதலாளி தணிகாசலம் சகுனத்துக்காக இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுத்தான் எப்போதும் சாவியைத் திருப்புவார்.

அன்றும் அடித்தார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹார்ன் கத்தியது. பிறகு சாவியைத் திருப்பினார். டிக் என்றது, அவ்வளவுதான்.

"ஹார்ன் நல்லா அடிக்குது, அப்போ பேட்டரியில குறையில்லை. இன்ஜின்தான் போச்சு. காலையில பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கேட்டியா தம்பி, நான் ஒருத்தன்தான் நல்லா இருக்கேனாம்" என்றது ஹார்ன்.

"ஆமாண்ணே, வண்டியை உடைக்கும்போதும் அதையே சொல்லிட்டு இருங்க" என்றது பேட்டரி. "என்கிட்ட இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பையும் நீங்கதானே கத்தித் தீர்த்தீங்க? இன்ஜினுக்கு ஒண்ணுமில்லை. விடியறதுக்குள்ள அதை ஒரு தடவை எழுப்பற அளவுக்குத் தேறிடுவேன். நாளைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

காலையில் இரும்புக்காரரின் லாரி வாசலில் வந்து நின்றது. கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தணிகாசலம் உட்கார்ந்து ஹார்னை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். ஹார்ன் பல்லைக் கடித்துக்கொண்டது.

"இதுவும் செத்துப்போச்சா" என்று சலித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, செருமியது, பிறகு உறுமிக் கிளம்பியது.

லாரியைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும், "முதல்ல இந்த ஹார்னைக் கழட்டிப் போடணும்" என்றார்.

முனையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது.

"இப்போ பேசுங்கண்ணே, இன்ஜின் ஓட ஓட எனக்குத் தெம்பு ஏறுது" என்றது பேட்டரி.

ஹார்ன் ஒரே ஒரு தடவை குரல் கொடுத்தது. ஆடு ஒதுங்கி வழிவிட்டது.