லுஷோட்டோவில் நள்ளிரவுச் சூரியன்

என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்கள் மீது ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கிப்வானா மெமரி கார்டை மடிக்கணினியில் செருகியபோது, வாசலில் ஷொமாரியின் மெத்தையை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஷொமாரி, கிப்வானாவின் மனைவி ஜுஹுராவின் தம்பி. முட்டை பொரிக்கும் இன்குபேட்டரில் பாதிப் பங்கு அவனுடையது. பகல் காவல் கிப்வானா, இராக்காவல் ஷொமாரி.

இருநூற்றுப் பன்னிரண்டு முட்டை வைத்தார்கள். ஒன்றுகூடப் பொரியவில்லை.

இன்குபேட்டரோடு கிப்வானா தன் கையால் பற்றவைத்த கருவி ஒன்றும் இருந்தது. விரல்நீள சர்க்யூட் போர்டு, இரண்டு சென்சார், தனக்கென்று ஒரு பாட்டரி. முட்டையின் சூட்டையும் அறையின் சூட்டையும் நிமிடத்துக்கு ஒரு தரம் மணியோடு கார்டில் எழுதிவைக்கும். மகா நேர்மையான கருவி. ஜுஹுரா கோபமாக அறைக்குள் வந்தால் அரை டிகிரி ஏறும். கோபத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டே வந்தால் ஒன்றரை.

அதுதான் சாட்சி சொன்னது. பதினெட்டாம் நாள் 1:10க்கு முட்டைகள் குளிரத் தொடங்கியிருக்கின்றன. 5:50க்குத்தான் மறுபடி சூடு. ஜூலைக் குளிரில், ஷொமாரியின் காவலில்.

"கண்ணே அசரல அத்தான்," என்று அவன் மூன்று நாள் சொல்லிப் பார்த்தான்.

"கார்டு பொய் சொல்லுமா மச்சான்?" என்று கிப்வானா ஊரார் முன்னால் கேட்டார்.

அதற்குப் பிறகு டீக்கடையில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. குறட்டை என்றார்கள். இன்று ஊரை விட்டு டாங்கா பட்டணத்துக்குக் கிளம்புகிறான்.

கிப்வானா கார்டைச் செருகியது, அடுத்த முட்டைகளுக்காக அதைத் துடைத்து வைக்கத்தான். துடைப்பதற்கு முன் சும்மா ஒரு பார்வை பார்த்தார். முட்டை வரிசையை அல்ல. இதுவரை அவர் சீண்டாத, அறையின் சூட்டைக் காட்டும் வரிசையை.

நள்ளிரவு தாண்டியதும் அறை சூடேறத் தொடங்கியிருந்தது. காலை எட்டு மணிக்கு உச்சி வெயில். ஒருநாள் அல்ல, இருபத்தொரு நாளும் எங்கள் மலையூர் லுஷோட்டோவில் சூரியன் நள்ளிரவில் உதித்திருந்தது.

சென்சார் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்.

பிறகு, கருவிக்குக் கடிகாரம் வைத்த காலை நினைவுக்கு வந்தது. அன்று மணி என்ன என்று உரக்கக் கேட்டார். அடுப்படியிலிருந்து ஜுஹுரா, "மூணு" என்றாள். மூன்று என்று அழுத்தினார்.

இங்கே மணி சூரியனோடு பிறக்கிறது. காலை ஏழு என்றால் எல்லார் வாயிலும் மணி ஒன்று, ஒன்பது என்றால் மூன்று. இயந்திரங்கள் மட்டும்தான் நள்ளிரவிலிருந்து எண்ணுகின்றன. வாய்க்கணக்கில் வைத்ததை இயந்திரக் கணக்கில் படித்திருக்கிறார்.

விரல் விட்டு ஆறு கூட்டினார். 1:10 என்பது காலை 7:10.

அந்தப் பதினெட்டாம் நாள் காலை அண்ணன் மகளுக்கு நிச்சயப் பேச்சு. வெள்ளை அங்கியைத் தேய்க்க வேண்டும். அறையில் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். இன்குபேட்டரைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப்பெட்டியைச் செருகினார். தேய்த்து முடித்து இஸ்திரிப்பெட்டியையும் பிடுங்கினார், அங்கியை மாட்டினார், போய்விட்டார். விருந்து முடியுமுன் திரும்பி வந்து பார்த்தால் வயர் தரையில் கிடந்தது. சத்தமில்லாமல் செருகிவைத்தார். கொஞ்ச நேரம்தானே.

கார்டில் 1:10 என்று முதலில் பார்த்தபோது தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அந்த நிம்மதியில்தான் அவ்வளவு உரக்கப் பேசினார்.

ஷொமாரி வாசலில் வந்து நின்றான்.

"வர்றேன் அத்தான். அடுத்த தடவை காவலுக்கு ஒரு கழுதையை வச்சுக்கோங்க. அது நின்னுக்கிட்டே தூங்கும், கார்டுக்குக்கூடத் தெரியாது."

கிப்வானா வாயைத் திறந்தார்.

"பார்த்துப் போ மச்சான்," என்றார்.

மோட்டார் சைக்கிள் சரிவில் இறங்கும் சத்தம் தேயும்வரை காத்திருந்தார். பிறகு கார்டைத் துடைத்தார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றார்.

அன்று கார்டில் தான் கண்டதை, ஜுஹுரா உட்பட ஒருவரிடமும் கிப்வானா இன்றுவரை சொன்னதில்லை.