சிவப்புக்கு அடியில் மணல்

முதலில் ஆற்றிலிருந்து அள்ளினார்கள். இரண்டாவதாகச் சல்லடையில் சலித்து, கூடப் பிறந்த கூழாங்கற்களைப் பிரித்தார்கள். மூன்றாவதாக ஓவியர் அஞ்சுகம் பசையில் குழைத்து, பலகையில் மேடுமேடாகப் பூசினார். நான்காவதாக, அப்படி முடித்த மூன்று ஓவியங்களின் பின்பக்கத்திலும் "பலகை, பசை, வண்ணம்" என்று மட்டும் எழுதினார். மணலின் பெயர் எதிலும் இல்லை.

புதிய பலகையில் காய்ந்துகொண்டிருந்த மணல், டப்பாவில் காத்திருந்த சிவப்பு வண்ணத்திடம் இவற்றை வரிசை மாறாமல் சொன்னது.

"பேரை வச்சு என்னய்யா செய்யப்போற? வர்றவங்க எல்லாரும் என்னைத்தானே பார்க்குறாங்க!" என்றது சிவப்பு.

"என் முதுகில் ஏறி நின்றுதானே, தோழரே? நான் பிடிக்காவிட்டால் நீங்கள் வழுக்கித் தரையில் கிடப்பீர்கள்."

சிவப்புக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அஞ்சுகம் டப்பாவைச் சாய்த்து ஊற்றியபோது, சிவப்பு வண்ணம் மணல்மேடுகளின் மேல் ஏறாமல் சுற்றிக்கொண்டு ஓடியது. அவர் பலகையை அப்படியும் இப்படியும் சாய்த்தார். "ஏறிக்கோடி, என் செல்லமில்ல!" என்று கெஞ்சினார். சிவப்பு ஏறவே இல்லை.

அவர் குனிந்து, மூடப்படாத மேட்டை விரலால் மெல்லத் தடவினார். சொரசொரப்பு விரலில் ஏறியது.

"ஓ, நீதானா மறியல் பண்றது?" என்று சிரித்தார். மறுபடி ஊற்றாமல் டப்பாவை மூடினார்.

கண்காட்சியன்று, கூடியிருந்த எல்லோர் முன்னிலையிலும் அந்த ஓவியத்தைத் திருப்பி, பின்பக்கம் தான் எழுதியிருந்ததை உரக்க வாசித்தார்:

"முதலில், மணல்."