பின்னால் வரும் வெள்ளைக் கார்

"நீங்க முன்னால பாருங்க, பின்னால நான் பார்த்துக்கறேன்," என்றாள், மோட்டார் சைக்கிளில் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்த புது மனைவி சைகால்.

"அப்போ எனக்கு முதுகுலயும் கண்ணு முளைச்சாச்சு!" என்று எர்மெக் சிரித்தான்.

அன்றிலிருந்து ஒன்பது வருடங்களாகக் கொச்கோர் சந்தைக்குப் போகும் வழியெல்லாம், பின்னால் லாரி வந்தால் அவள் அவன் தோளைத் தட்டுவாள்.

போன மாதம் ஒரு வெள்ளைக் கார் வருவதாகத் தட்டினாள். அவன் ஒதுங்கினான். எதுவும் கடந்து போகவில்லை. கண்ணாடியில் சாலை காலியாக இருந்தது. அடுத்த வாரம் அது இன்னும் நெருங்கி, சாலையோரப் பாப்லார் மரங்களைத் தாண்டிவிட்டது என்றாள். அதற்கடுத்த வாரம், அதை ஓட்ட ஆளே இல்லை என்றாள்.

இன்று தட்டவில்லை.

"எங்க வருது?" என்று அவனே கேட்டான்.

"ஒட்டி வருது. கதவு திறந்திருக்கு."

எர்மெக் வேகத்தைக் கூட்டினான். அவன் இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் மெதுவாக விலகின.

"ரொம்ப நாளா கேக்க நினைச்சேன். அது என்னைத் தேடித்தான் வருது, உங்களையாவது விட்டுடும். என்னை இங்கேயே இறக்கி விட்டுடுங்க."