ரஜாயின் நடுத்துண்டு

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒட்டுத்துணியில் ரஜாய்ப் போர்வை தைப்பது எங்கள் வீட்டு வழக்கம். உயிரோடு இருப்பவர்களின் துணியைத்தான் வைக்கலாம். மௌத்தானவர்களுடையது கூடவே கூடாது. மாமியாரின் பூப்போட்ட புடவை, நாத்தனார் நாஜியாவின் கோடு போட்ட சுடிதார் என்று பார்த்துப் பார்த்து இருபத்தைந்து துண்டு எடுத்தேன். நட்டநடுவில் என் வீட்டுக்காரர் ரிஜ்வானின் நீல யூனிஃபார்ம். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் அவருக்கு வேலை.

செவ்வாய்க்கிழமை காலை அந்த நீலத் துண்டு மட்டும் பிரிந்து தரையில் கிடந்தது. மறுபடி தைத்தேன். புதனும் கிடந்தது. வியாழன் இரட்டை நூல் போட்டேன். வெள்ளியும் கிடந்தது. நூல் அறுபடவில்லை. துணியில் ஊசி ஏறிய தடமே இல்லை.

நாஜியாவைத்தான் சந்தேகப்பட்டேன்.

“சத்தியமா நான் தொடல மச்சி. சும்மா பேஜார் பண்ணாதீங்க” என்று மாமியாரைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த ரிஜ்வான் உள்ளே படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை டிபன் பாக்ஸைக் கம்பெனியிலேயே மறந்துவிட்டாராம். அதிலிருந்து கேன்டீன் சாப்பாடுதான் என்கிறார்.

கதவைத் தட்டினார்கள். அவரோடு வேலை செய்யும் மோசஸ். கையில் அந்த டிபன் பாக்ஸ்.

“திங்கக்கெழம நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு போனவரு அண்ணி. அப்புறம் அண்ணன் வரவே இல்ல. நோக்கியாவும் ஆஃப்ல கீது. இன்னா ஆச்சு?”

“உமைரா, வாசல்ல யாரு?” என்று உள்ளேயிருந்து ரிஜ்வான் என்னைச் சத்தமாகக் கேட்டார்.

மோசஸ் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஊட்ல யாருமே இல்லியா அண்ணி?” என்றார்.