சாமை நாஷ்டா

“என்னாடி இது, குருவிக்குப் போடறதா, புருஷனுக்குப் போடறதா?”

தட்டிலிருந்த சாமை உப்புமாவை மரியசூசை ஒரு விரலால் நிமிண்டினான்.

“வத்தல்மலச் சாமைங்க. சக்கரைய ஏத்தாது” என்றாள் மனைவி ராஜமேரி.

“ஆமா, இவ பெரிய டாக்டரு! மொதல்ல கேவுருக் களி. அப்புறம் கம்பு. நடுவுல டவுன்ல ஓட்ஸ் டின்னு வாங்கியாந்து கஞ்சி. அது குதிர தின்றது, இது குருவி தின்றது. நாளைக்கு என்னா, புல்லா?”

மரியசூசை பஸ் டிரைவர். தர்மபுரியிலிருந்து ஏரியூர் போகும் வண்டி. மூன்று மாதத்துக்கு முன் நடந்த மெடிக்கலில் சிறுநீரில் சர்க்கரை கண்டார்கள். மறுபடியும் கண்டால் ஸ்டியரிங் கிடையாது. டிப்போ கேட்டில் வாட்ச்மேன். அந்த மறுபடி இன்றைக்குத்தான்.

“எனக்குச் சாமை, உனக்கு மட்டும் அரிசிப் பொங்கலா?”

“மலைக்காரம்மா வாரத்துக்கு ரெண்டு படிதாங்க தருது. உங்களுக்கே சரியாப் போவுது.”

“தின்றதெல்லாம் எங்கடி போவுது? ஓணானாட்டம் ஆயிட்ட. இதுல தண்ணி வேற குடம் குடமா! உன் தாகத்துக்கு ஒகேனக்கல்லத்தான் வூட்டுக்குத் திருப்பி வுடணும்.”

ராஜமேரி சொம்பை வாயில் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“மாத்தரையும் விடாமப் போட்டிருக்கீங்க, சாமையும் தின்னிருக்கீங்க. நம்பிப் போங்க.”

“சாமைய நம்பினா கேட்டுலதான் நிக்கணும். நான் என் மூளைய நம்பறவன். சீசா எங்க?”

காகிதத்தில் சுற்றிய சீசாவை முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். “எனக்கு மனசே இல்லீங்க.”

“உனக்கு எதுலதான் மனசு இருக்குது?” என்று பிடுங்கிக்கொண்டு கிளம்பினான்.

டிப்போ டாக்டர் அறையில் லேப்காரர் முனியப்பன் நீல மருந்தில் சீசாவிலிருந்து எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் குழாயைக் காட்டினார்.

“நீலமாவே நின்னா தப்பிச்சீங்க. பச்ச, மஞ்சன்னு போனா சக்கரை. செங்கல் நெறம்னா முத்திப்போச்சு.”

“நீலந்தான் நிக்கும், பாருங்க.” மரியசூசை காலாட்டினான். “சாமை தின்னா சக்கரை எறங்குமாம்! எங்க வூட்டுல ஒரு மேதாவி சொல்லுது.”

குழாய் பச்சையானது. மஞ்சளானது. செங்கல் நிறத்தில் போய் நின்றது.

“என்னய்யா தின்ன?” டாக்டர் பேனாவை எடுத்தார்.

“சா… சாமைங்க.”

“புளுகாத. நாளையிலேருந்து கேட்டுல போய் நில்லு.”

ஆடிய கால் நின்றது. “எழுதிடாதீங்க சார்! இப்பவே இங்கயே வேற புடிச்சுத் தரேன்.”

“அதுக்குள்ள சக்கரை எறங்கி ஓடிருமா?” என்று டாக்டர் சிரித்தார். இருந்தாலும் முனியப்பனைத் துணைக்கு அனுப்பினார்.

இரண்டாவது குழாய் கொதித்தது. நீலம். முனியப்பன் இன்னொரு தரம் காட்டினார். நீலமேதான்.

டாக்டர் இரண்டு குழாய்களையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“உனக்குச் சக்கரை கட்டுல இருக்குது. வண்டிய ஓட்டு. ஏமாத்த வந்தியே, அத அப்புறம் பேசறேன். மொதல்ல குடுத்தது யாருதுய்யா? அந்த ஆளை இன்னைக்கே கூட்டியா. வுட்டா கண்ணு போயிரும், அப்புறம் உசுரே போயிரும்.”

மரியசூசை செங்கல் நிறக் குழாயையே பார்த்தான்.

“எங்க வூட்டுக்காரியோடதுங்க” என்றான்.